ஆறாம் தேதி முத்திரை

மேக்கப் அறை நாற்காலிகள் எல்லாம் நடுத்தர உயரக்காரர்களுக்காகச் செய்தவை. ஆறடி நான்கு அங்குலம் வளர்ந்துவிட்ட இளங்கோவன் காலை மடக்கினால் முழங்கால் மேஜையில் இடித்தது, நீட்டினால் பக்கத்து நாற்காலிக்காரனின் காலில் பட்டது. பக்கத்து நாற்காலிக்காரன்மேல் எதுவும் படக்கூடாது என்பதுதான் காலை ஒன்பது மணியிலிருந்து அவருடைய ஒரே வேலையாக இருந்தது. அந்தப் பக்கத்து நாற்காலிக்காரன் பெயரும் இளங்கோவன்தான். அறையில் இருந்த ஐந்து பேருக்குமே அந்தப் பெயர்தான், அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். 'பேர் ஒண்ணு, ஆள் அஞ்சு' என்று தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி. இந்தியாவுக்கு ஆடிய வாலிபால் இளங்கோவன், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளங்கோவன், கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கும் இளங்கோவன், கபடிப் போட்டிக்குத் தொண்டை கிழிய வர்ணனை சொல்லும் இளங்கோவன், அப்புறம் ஊர் உலகத்துக்கே தெரிந்த கொட்டாவி இளங்கோவன். ஒரு காலத்தில் தமிழ்மேல் பித்துப்பிடித்த தகப்பன்மார்கள் தெருவுக்கு ஒரு இளங்கோவனைப் பெற்றுப் போட்டிருந்தார்கள், தொலைக்காட்சிக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. கொட்டாவி இளங்கோவன் திரையில் ஒன்றும் செய்ய வேண்டாம், வில்லன் பக்கம் பக்கமாக வசனம் பேசும்போது ஓரமாக நின்று ஒரு கொட்டாவி விட்டால் போதும், தியேட்டர் அதிரும். இப்போதும் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே ஒரு கொட்டாவி விட்டான். மேக்கப்காரர் பக்கிரி பஞ்சை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்குள் அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் வாலிபால் இளங்கோவன் கண்ணைத் திருப்பிக்கொண்டார். முப்பத்தாறு வருஷமாக அந்த வாயோடு தனியாக ஒரு அறையில் உட்காராமல் எப்படியெல்லாமோ தப்பித்து வந்திருந்தார். அவன் கல்யாணத்துக்கு மாட்ச் இருக்கிறது என்றார், அவன் அப்பா சாவுக்கு ரயில் கிடைக்கவில்லை என்றார், ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே.

"சார், உங்க ரெண்டு பேர் செக்மெண்ட்தான் லாஸ்ட்," என்றாள் தர்ஷினி. காதில் ஒரு கருவி, கையில் ஒரு அட்டை, ஓட்டமும் நடையுமாகவே பிறந்தவள் போல ஒரு பெண், இந்த நிகழ்ச்சியை ஓட்டிக்கொண்டிருப்பவளே அவள்தான். "ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல், ஒரே டீம், ஒரே பேரு! செம மேட்டர் சார். அதுலயும் கொட்டாவி சார் ஒரு பழைய கவர் கொண்டுவந்திருக்காரு. எண்பத்தெட்டாம் வருஷத்துது. ஸ்டேஜ்லதான் எடுத்துக் காட்டுவேன்னு அடம் பிடிக்கிறாரு. நீங்க சும்மா ரியாக்ஷன் குடுத்தா போதும்." ரியாக்ஷன். கவர் என்ற சொல் காதில் விழுந்த கணமே அது தொடங்கிவிட்டது, பிடரியில் வியர்வை. பக்கிரி, "ஐயா, ஏசி பதினெட்டுல ஓடுது, உங்களுக்கு மட்டும் எப்படி வேர்க்குது?" என்று துடைத்துவிட்டார். என்ன கவர்? வீட்டிலிருந்து வந்த கவராக இருக்கலாம். அவன் அப்பா மருதமுத்து மாதம் ஒரு கடிதம் எழுதுவார், எல்லாக் கடிதத்திலும் ஒரே விஷயம், படி, பந்தைத் தொடாதே. அதில் ஒன்றை வைத்து மேடையில் சிரிக்க வைக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்பாவின் கடிதமெல்லாம் இன்லாண்டில்தான் வரும், கவரில் வராது. கவரில் வந்தது ஒன்றே ஒன்று. பழுப்பு நிறக் கவர், இடது மூலையில் வாலிபால் சங்கத்தின் முத்திரை, பின்பக்கத்தில் அந்த ஊர்த் தபால் நிலையத்து வட்ட முத்திரை, அதற்குள் கறுப்பாக, அழுத்தமாக, ஆறு. அந்த ஆறை அவர் எத்தனை இரவுகள் பார்த்திருக்கிறார். ஜெர்சியில் முதுகு எண் கேட்டபோது ஆறு மட்டும் வேண்டாம் என்றார், பயிற்சியாளர் ஏதோ ஜாதக விஷயம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது அவர் அவர் அல்ல, வெறும் அவன், ஹாஸ்டலில் நெட்டை. அந்த இன்னொருவன் சுருட்டை, தலை நிறைய முடி, இப்போது விக் மாட்டிக்கொண்டிருக்கும் அதே தலையில். நெட்டை பி. இளங்கோவன், சுருட்டை எம். இளங்கோவன், ஆனால் ஹாஸ்டலில் இனிஷியலை யார் பார்த்தார்கள்? மெஸ் வாசலில் மர ரேக் ஒன்று, எழுத்து வாரியாகப் பொந்து பொந்தாகப் பிரித்தது, போஸ்ட்மேன் சவரிமுத்து வந்து அந்தந்தப் பொந்தில் கடிதங்களைச் செருகிவிட்டுப் போவார், இருவருக்கும் ஒரே பொந்து. யார் முதலில் சாப்பிட வருகிறானோ அவன் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு அறைக்குப் போய்ப் பிரித்துக் கொடுப்பான், அது அவர்களுக்குள் ஒரு வழக்கம், இரண்டு வருஷமாக ஒரு கடிதம்கூடத் தவறியது கிடையாது. அன்றைக்கு நெட்டை முதலில் வந்தான். ரசம் சாதம், அப்பளம், செவ்வாய்க்கிழமை. பொந்தில் அந்தக் கவர் மட்டும் இருந்தது. எம். இளங்கோவன். சங்கத்தின் முத்திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இந்திய ஜூனியர் அணி முகாம். தாள் மெல்லியது, ஜன்னல் வெயிலில் பிடித்தால் உள்ளே தட்டச்சு எழுத்துக்கள் தெரிந்தன, பன்னிரண்டாம் தேதிக்குள் வந்து சேரவும், பஞ்சாபில் ஏதோ ஓர் ஊர். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் கீழே ஒரு வரி, மாற்று ஆட்டக்காரர், பி. இளங்கோவன். மாற்று! அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தான். அவனைவிட அரையடி குள்ளமானவன் சுருட்டை, ஆனால் எம்பினால் வலைக்கு மேலே இடுப்புவரை தெரிவான், அது எப்படி என்று யாருக்கும் புரியாது, பந்து அவனுக்காக ஒரு நொடி நின்றுவிட்டுப் போகும். நெட்டைக்கு உயரம் மட்டும்தான், உயரம் அப்பா பழனியாண்டி கொடுத்தது, அதில் இவன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் இது தெரியும். இவனுக்கும் தெரியும், அதுதான் கொடுமை.

திருட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. இதை அவர் தனக்குத் தானே ஆயிரம் முறை சொல்லியாயிற்று, இப்போது பக்கிரி கண்ணுக்குக் கீழே மாவு பூசும்போதும் சொல்லிக்கொண்டார், திருடவில்லை, கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் கொடுக்கலாம் என்று பெட்டிக்குள் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்தான். சாயங்காலம் சுருட்டை கிரவுண்டில் இவனை மூன்று முறை ஏமாற்றி ஸ்மாஷ் அடித்தான், எல்லாரும் சிரித்தார்கள், சரி, காலையில் கொடுக்கலாம். காலையில் கொடுத்தால் நேற்று ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பான். அதற்கு ஒரு பதில் யோசித்தான், பதில் தயாராவதற்குள் இன்னொரு காலை வந்துவிட்டது, இப்போது இரண்டு நாளுக்குப் பதில் வேண்டும். மனசு இருக்கிறதே, அது வாய்தா வாங்குவதில் எந்த வக்கீலையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெட்டியைத் திறக்காமலே அந்தக் கவரின் நான்கு மூலைகளும் முதுகில் குத்தின, கட்டிலுக்கடியில்தானே பெட்டி. பக்கத்துக் கட்டிலில் சுருட்டை குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், தூங்குவதற்கு முன் தினமும் கேட்பான், "டேய் மாப்ளே, லிஸ்ட் வந்திருக்குமாடா இந்நேரம்?" நெட்டை சொல்வான், "வரும்டா, வந்தா நம்ம ரேக்குக்குத்தானே வரணும்." இதைச் சொன்ன வாய்தான் இது. பத்தாம் தேதி சாயங்காலம், கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று நாள் ரயில், இனி எந்த ரயிலைப் பிடித்தாலும் முடியாது என்று ஆன பிறகு, மெஸ்ஸில் ஆளில்லாத நேரத்தில் கவரை அதே பொந்தில் செருகிவிட்டு வந்தான். கணக்குப் போட்டான் அல்லவா? அங்கேதான் எல்லா வாய்தாவும் தள்ளுபடி ஆகிவிடுகிறது. கொடுக்க மறந்தவன் ரயில் அட்டவணை பார்ப்பானா?

"உனக்கு ஞாபகம் இருக்காடா?" என்றான் பக்கத்து நாற்காலி, கண்ணைத் திறக்காமலே. இவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். "எது?" "மெஸ்ல செவ்வாய்க்கிழமை அப்பளம். நீ ஏழு தின்ப." "ஆமா." "அந்த அப்பளம் இன்னைக்கு எங்கயும் கிடைக்கறதில்லடா மாப்ளே." அப்பளம். செவ்வாய்க்கிழமை. எதற்காக இவன் செவ்வாய்க்கிழமையைத் தொடுகிறான்? தெரிந்துதான் தொடுகிறானா? நடிகன் அல்லவா, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இப்போதே சொல்லிவிடலாம், இதோ, பக்கிரி பவுடர் எடுக்க அந்தப் பக்கம் போயிருக்கிறார், கீபோர்டும் ஸ்டண்டும் கபடியும் மேடைக்குப் போயாயிற்று, அறையில் இருவர் மட்டும், நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. டேய் சுருட்டை, அந்தக் கவர் என்னிடம் இருந்தது. ஒன்பது பத்துச் சொற்கள்கூட இல்லை. வாயைத் திறந்தார். "தண்ணி இருக்கா?" என்று வந்தது. சுருட்டை தன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினான். எப்போதுமே இப்படித்தான், கேட்டதற்கு மேல் ஒரு திருகல் செய்து கொடுப்பான், மனிதனை அப்படியே கொன்றுபோடுவான்.

தந்தியையும் அப்படித்தான் கொடுத்தான். பதினாறாம் தேதி, நல்ல உச்சி வெயில், தந்திக்காரன் வந்து இளங்கோவன் யார் என்று கேட்டிருக்கிறான், சுருட்டை மெஸ் வாசலில் நின்றிருக்கிறான், வாங்கிப் பிரித்திருக்கிறான். உடனே புறப்பட்டு வரவும். அந்த ஒரு நொடி அவன் என்ன நினைத்திருப்பான், தன் இடத்தைத் தனக்கே வைத்திருக்கிறார்கள் என்றுதானே? அப்புறம்தான் மேலே பி. என்று இருப்பதைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு என்ன செய்தான்? பெட்டிக்குள் வைத்தானா? செருப்புகூட இல்லாமல் கிரவுண்டுக்கு ஓடி வந்தான், தார் ரோடு, கால் கொப்பளித்துவிட்டது, தந்தியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு, "டேய் நெட்டை, உனக்குடா! உனக்கு!" தன்னைவிட அரையடி உயரமானவனை இடுப்பில் கட்டித் தூக்கப் பார்த்துக் கீழே விழுந்தான், இருவரும் மண்ணில் உருண்டார்கள். ரயிலேற்ற வந்தபோது தன் முழங்கால் உறைகளைக் கழற்றிக் கொடுத்தான், புதிதாக வாங்கியது, நீலம். மூன்று வருஷம் இந்தியா என்று எழுதிய சட்டைக்குக் கீழே அந்த நீல உறைகளைத்தான் நெட்டை மாட்டியிருந்தான், வேறு எதையும் மாட்டத் தைரியம் வரவில்லை, கழற்றவும் வரவில்லை. சுருட்டை அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. பட்டணம் வந்தான், நாடகத்தில் பின்னால் நின்றான், ஒருநாள் அசதியில் மேடையிலேயே கொட்டாவி விட்டான், பிழைத்துக்கொண்டான். அவன்தான் இப்போது பெரிய ஆள், கார், வீடு, எல்லாம். அப்படியென்றால் நஷ்டம் யாருக்கு? நல்லதுதானே நடந்திருக்கிறது? இந்த இடத்துக்கு வந்து சேரும்போதெல்லாம் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல் கிடைக்கும், கிடைத்த கையோடு காக்கிச் சட்டை ஒன்று வந்து குறுக்கே நின்றுவிடும்.

சவரிமுத்து. ஆறாம் தேதி முத்திரை விழுந்த கடிதம் பத்தாம் தேதி ரேக்குக்கு வந்தால் நடுவில் நான்கு நாள் அது எங்கே இருந்தது? போஸ்ட்மேன் பையில். வேறெங்கே இருக்க முடியும்? ஹாஸ்டலே கொதித்தது, மேலதிகாரிக்குப் புகார் எழுதினார்கள், கீழே முதலில் எம். இளங்கோவன் என்று ஒரு கையெழுத்து, அதற்கடுத்து, நண்பன் என்ற முறையில், பி. இளங்கோவன். ஒரு நொடிகூடத் தயங்காமல் போட்டான். சவரிமுத்து மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறி ஓட்டக்கூடத் தெம்பில்லை போலிருந்தது. "தம்பி, நான் ஆறாந்தேதியே வெச்சிட்டேன் தம்பி. இந்தக் கையாலதான் வெச்சேன். பதினெட்டு வருஷமா ஒரு கார்டு தவறுனது இல்ல என் பீட்ல." சுருட்டை கத்தினான், வாய்க்கு வந்தபடி கத்தினான், வாழ்க்கையே போச்சு என்று அழுதான். சவரிமுத்து அவனைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற நெட்டையைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, சும்மா பார்த்தார், முகவரி சரியாக இல்லாத கடிதத்தைப் பார்ப்பதுபோல. அந்த மாதமே அவருக்கு மலையடிவாரத்துக்கு மாற்றல், சம்பள உயர்வு நிறுத்தம் என்று கேள்விப்பட்டார்கள். இப்போது இருந்தால் எண்பதுக்கு மேல் இருக்கும். இருப்பாரா? செத்துப் போயிருந்தால் நல்லது என்று ஒருமுறை நினைத்திருக்கிறார், நினைத்த மறுகணமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார், மனைவி கோமதி கொசுவா என்று கேட்டாள்.

"சார், வாங்க வாங்க, ஸ்டாண்ட்பை!" தர்ஷினி கதவைத் திறந்ததும் கைதட்டல் சத்தம் அறைக்குள் புகுந்தது. இருட்டான ஒரு நடை, தரையெல்லாம் வயர், சுருட்டை முன்னால் போனான், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழுப்பு. பழுப்புதான். இனி சந்தேகம் இல்லை. சொல்லப்போகிறான், எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறான். விளையாட்டு விடுதியில் இவரிடம் பயிலும் முப்பது பிள்ளைகளும் தீபாவளியன்று டிவி முன்னால் உட்காருவார்கள், எங்க சார் எங்க சார் என்று. அவர்களுக்கு இவர் தினமும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு, பந்து விரலில் பட்டால் நடுவர் பார்க்காவிட்டாலும் நீயே கையைத் தூக்கு. கால் வயரில் தடுக்கியது. சுருட்டை திரும்பி முழங்கையைப் பிடித்துக்கொண்டான், "பார்த்துடா, வயசாயிடுச்சு," என்றான். பிடித்த கை விடவில்லை, வெளிச்சத்துக்குள் போகும்வரை.

வெளிச்சம் அடித்த அடியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. தொகுப்பாளர் பையன் பளபளவென்று ஏதோ உடுத்திக்கொண்டு, இருவரையும் சோபாவில் உட்காரவைத்து ஏதோ கேட்டான், இவர் ஏதோ சொன்னார், சனங்கள் சிரித்தார்கள். பிறகு சுருட்டை கவரை எடுத்தான். எல்லாரும் பார்க்கும்படி திருப்பி, பின்பக்க முத்திரையைக் கேமராவிடம் காட்டினான். "ஆறாந்தேதி வந்த லெட்டர்ங்க. என் கைக்கு வந்தது பத்தாந்தேதி. இந்த நாலு நாள்ல போச்சு என் வாலிபால். இல்லேன்னா நான் பாட்டுக்கு வலைக்கு முன்னாடி குதிச்சிட்டு இருந்திருப்பேன், நீங்கள்லாம் தப்பிச்சிருப்பீங்க." கூரை பிய்ந்துவிடும்போல் சிரிப்பு. இவரும் சிரித்தார், தாடை வலித்தது. சரி, அவ்வளவுதான், அவனுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. இந்த முறையும் தப்பித்தாயிற்று. உடம்பு முழுக்க ஒரு இளக்கம் பரவியது, அந்த இளக்கத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. சுருட்டை மைக்கைக் கொஞ்சம் இறக்கினான், குரல் மாறியது. "அந்த போஸ்ட்மேன் பேரு சவரிமுத்து. அவர் மேல நான் புகார் குடுத்தேன், மாத்திட்டாங்க அவரை. ரொம்பத் திட்டிட்டேன். இப்ப எங்க இருக்காரோ. ஐயா, நீங்க பார்த்துட்டு இருந்தா, நான் உங்களை மன்னிச்சு எத்தனையோ வருஷமாச்சு. அன்னைக்கு நீங்க லேட் பண்ணலேன்னா இன்னைக்கு எனக்கு இந்த வாழ்க்கை இல்ல." அரங்கம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். எங்கோ மலையடிவாரத்தில் ஒரு வீட்டில், காக்கி கழற்றி இருபது வருஷமான ஒரு கிழவர், பேரப்பிள்ளைகள் சூழ, தான் செய்யாத குற்றத்துக்கு நாடறிய மன்னிப்பு வாங்கிக்கொள்வார். அவர் என்ன செய்வார்? சும்மா பார்ப்பார். திரைக்குள்ளிருக்கும் இந்த நெட்டையைப் பார்ப்பார்.

"அவர் லேட் பண்ணல," என்றார் இளங்கோவன்.

மைக் இருப்பதை மறந்துவிட்டார் போலிருந்தது, குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. சனங்கள் சிரித்தார்கள், கொட்டாவி இளங்கோவன் பக்கத்தில் இருந்தால் யார் எதைச் சொன்னாலும் சிரிப்புதானே. தொகுப்பாளர் பையனும், "ஆஹா, நண்பருக்கு நண்பர் கவுண்ட்டர்!" என்று கையைத் தூக்கினான். சுருட்டை மட்டும் சிரிக்கவில்லை. கவரை ஒருமுறை பார்த்தான், இவரைப் பார்த்தான், மேடையையும் கேமராவையும் மறந்த பழைய ஹாஸ்டல் முகத்தோடு, காணாமல் போன சோப்புப் பெட்டியைக் கேட்பவன்போலக் கேட்டான்.

"அப்ப எங்கடா இருந்துச்சு?"

"எங்கிட்ட," என்றார். "என் பெட்டியில."

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சுருட்டை கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.